காலடியில் விழும் அம்பு

இல்ல, நீங்களே சொல்லுங்க சார், வில்லுன்னா அம்பு முன்னாடி போவணுமா வேணாமா? இது என் கால் கட்டைவிரல் மேல விழுதுங்க! ஒரு அம்பு... ஒரே ஒரு அம்பு குறிப் பலகையத் தொடணுமே, ம்ஹூம்! உங்க கடைல வாங்கினதுதானே, மாத்திக் குடுத்துடுங்க. நாளைக்குப் போட்டி. புதுசா சேந்தவங்களுக்கு வில்வித்தை கிளப்புல வைக்கிறாங்க, சொந்த வில்லு கொண்டாரணும். வீட்டுக்காரி, மாமியார், மச்சினின்னு மொத்தப் படையும் வருது.

மச்சினி எதுக்கு வர்றான்னு கேளுங்க... கேக்க மாட்டீங்களா? சரி, நானே சொல்றேன். அவ புருஷன், என் சகலை, அவரும் போட்டில இருக்காரு. உங்ககிட்டதான் இதே மாதிரி வில்லு வாங்கினாரு. மாமியார் வீட்டுக் கொல்லைலதான் ரெண்டு பேரும் பழகுறோம். அவரு அம்பு மட்டும் விர்ர்ருனு போயி பலகையோட நடு மஞ்சள் வட்டத்துல குத்துது! "பெரிய மாப்பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு"ன்னு அந்தம்மா சொல்றாங்க. வயிறு எரியுது சார்!

பராமரிப்பா? ஏன், நல்லாத்தானே பாத்துக்கிறேன்! கயித்துக்கு மெழுகு தேய்க்கச் சொன்னீங்கல்ல, பொண்ணு பொறந்தநாள் கேக்குல சொருகின மெழுகுவத்திய எடுத்து நல்லாத் தேய்ச்சேன். அதான் ரோஸ் கலரு. முடிஞ்சதும் கயித்தக் கழட்டி வைக்கணும்னு சொன்னீங்க... அது... கழட்டல. ஆணில மாட்டிருந்தேன், வீட்டுக்காரி அதுல துண்டு காயப் போட்டா. அம்பு வைக்காம இழுத்து விடக்கூடாதா? அட, மாமியாருக்கு சத்தம் கேக்கட்டுமேன்னு ஒரு தடவ டொய்ங்... சரி, ரெண்டு மூணு தடவ. மொறைக்காதீங்க.

ஆனா மாட்டுறதுல மட்டும் என்னைய ஒருத்தன் குத்தம் சொல்ல முடியாது! நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. எனக்கா கயிறு மாட்டத் தெரியாது? சகலை பாவம், கயிறு மாட்டுறதுக்குன்னு வில்லோட குடுத்தீங்களே ஒரு துணைக்கயிறு, அதக் கால்ல மிதிச்சுகிட்டு, வில்ல எதிர்ப்பக்கமா வளைச்சு, முக்கி மொனகி, மூஞ்சி செவந்து... நான் பாருங்க, வில்லு எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கோ அந்தப் பக்கமே லபக்குனு ஒத்தக் கையால மாட்டிடுவேன்! பிடிதான் உள்ளங்கையில உக்காராம குத்துது. அதுவும் உங்க வில்லுல உள்ள கோளாறுதான்.

ஏன் கழட்டுறீங்க? என்ன, திருப்பி வளைக்கிறீங்க? ஐயையோ, ஒடஞ்சிரும்! ...ஏங்க... நுனி ரெண்டும் முன்பக்கம் பாத்து இருக்கணுமா? அப்ப நான் இத்தன நாளா... பின்பக்கமாவா...

இங்க குடுங்க. அம்மாடி, என்னா இழுவ! பிடி கூட கையில கச்சிதமா... அம்பு இல்லாம விட மாட்டேன், விட மாட்டேன், கயித்த மெதுவாத்தான் திருப்பிக் கொண்டாறேன்.

சிரிக்காதீங்க சார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மானம் போயிரும். முக்கியமா சகலைக்கு... ஐயோ, சகலை! இன்னைக்குக் காலைலதான் சொன்னேன், "என்ன சகல, தப்பா மாட்டிருக்கீங்களே, இப்படி முக்கினா முதுகு புடிச்சுக்கும்"னு. சொன்னதோட விட்டனா? அவரு வில்லக் கழட்டி, என்னுது மாதிரியே, ஒத்தக் கையால நானே மாட்டி விட்டுட்டேன்... மனுஷன் மரியாதைக்காரரு, மறுபேச்சு பேசல. மாமியார் கூட மொத தடவையா, "பெரிய மாப்பிள்ளைக்கு எவ்வளவு விவரம்"னாங்களே!

இருங்க, போன். அவருதான்... சொல்லுங்க சகல! ...அப்படியா? ...கால்லயா விழுது? ...கட்டைவிரல் மேலயா? ...எங்க, கடைக்கா வந்துகிட்டிருக்கீங்க? ...அத்தையுமா?

சார்... உங்க கடைக்குப் பின்வாசல் இருக்கா?