வழக்குச் சொத்தான தண்ணீர் லாரி

வாக்குமூலம் அளிப்பவர்: பெண், வயது நாற்பத்தாறு. தேசியப் பூங்காக்கள் தலைமை அலுவலகத்தில் அன்றாடப் பணிகள் மேலாளர். குடியிருப்பு: அதே அலுவலகத்தின் பின்புறம், ஊழியர் குடியிருப்பில் மாடி வீடு. கணவர்: இவ்வழக்கின் புகார்தாரர்.

நான் மேற்கண்ட வீட்டில் கணவர், மாமியார் ஆகியோருடன் வசித்து வருகிறேன். ஒன்பது தேசியப் பூங்காக்களின் அன்றாட வேலைகளைக் கவனிப்பது என் பொறுப்பு. எந்தப் பூங்காவின் கதவைத் திறக்கலாம், எந்தப் பாதையை மூட வேண்டும், எங்கே ஜெனரேட்டர் படுத்துவிட்டது, எந்த விடுதியின் சமையலறைக்குள் கரடி புகுந்தது என்பதெல்லாம் என் காதுக்கு வந்த பிறகுதான் மற்றவர் காதுக்குப் போகும். ஆனால் நான் விலங்குகளைப் பார்ப்பது அபூர்வம். நான் பார்ப்பதெல்லாம் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் தொங்கும் வரைபடத்தையும் மேஜைமேல் இருக்கும் ஒயர்லெஸ் பெட்டியையும்தான்.

தினமும் விடிகிற நேரத்தில் நான் ஒயர்லெஸ்ஸில் ஒவ்வொரு பூங்காவாகக் கூப்பிடுவேன். அவரவர் முதலில் தங்களிடம் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும், அதன் பிறகு தங்களிடம் என்ன சும்மா கிடக்கிறது என்று சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கு மடை திறந்த மாதிரி பதில் வரும். இரண்டாவது கேள்விக்கு எல்லாருக்கும் திடீரென்று தொண்டை கட்டிக்கொள்ளும். நானும் விடாமல் கேட்டு, சும்மா கிடக்கும் பொருளை அது இல்லாத பூங்காவுக்கு அனுப்பச் சொல்வேன். இப்படித்தான் ஒன்பது பூங்காக்களும் இரண்டு ரம்பத்தையும் ஒரே ஒரு கிரேனையும் வைத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டுகின்றன. இது எங்கள் துறையில் எல்லாரும் அறிந்த நடைமுறை, இதில் திருட்டு எதுவும் இல்லை.

நேற்று காலை அவ்வாறு கூப்பிட்டபோது மேட்டுப் பூங்காவின் ரேஞ்சர், குட்டைக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எரிந்துவிட்டது என்றும், குட்டையில் சேறுதான் மிச்சம் என்றும் சொன்னார். அந்தப் பூங்காவில் கோடையில் வேறு தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லையென்றால் காட்டெருமைக் கூட்டம் சாயங்காலம் நெடுஞ்சாலையைக் கடந்து ஆற்றுக்குப் போகும். போன வருஷம் அப்படிப் போனபோது ஒரு கன்று பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது, பஸ்ஸில் இருந்தவர்களில் பலருக்குக் கை கால் முறிந்தது. நேற்று தொடர் விடுமுறையின் முதல் நாள், சாலை முழுக்க வண்டிகள். அதன் பிறகு ஏரிப் பூங்காவைக் கூப்பிட்டேன். ஒயர்லெஸ் பார்ப்பவர் லீவில் இருந்ததால் அங்குள்ள தண்ணீர் லாரியின் ஓட்டுநரே பேசினார். இவரை எல்லாரும் நிதானம் என்று கூப்பிடுவார்கள், ஏனென்றால் லாரியில் மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. லாரி சும்மா நிற்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார். தண்ணீர் நிரப்பிக்கொண்டு நேரே மேட்டுப் பூங்காவுக்குப் போகும்படி நான் சொன்னேன், அவரும் சரி என்றார்.

ஏரிப் பூங்காவின் அதிகாரி என் கணவர். இத்தனை வருஷம் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், போன வாரம்தான் அங்கே பொறுப்பேற்றார். நான் ஒயர்லெஸ் பேசி முடித்து வீட்டுக்கு வந்தபோது அவர் பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். அவருடைய லாரி அந்நேரம் அவருடைய பூங்காவை விட்டுக் கிளம்பிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. கல்யாணமான புதிதில், இருவருக்கும் பூங்கா வேலை என்பதால், சாப்பிட உட்கார்ந்தால் வேலி, கதவு, டிக்கெட் என்று பேச்சு தொடங்கிச் சண்டையில் முடியும். ஒரு நாள் என் மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “இது சாப்பாட்டு மேஜையா, செக்போஸ்டா? இனிமே வீட்டுக்குள்ள பூங்கா வரக்கூடாது, பூங்காவுக்குள்ள வீடு போகக்கூடாது” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் அதை மீறியதில்லை. வீட்டில் அவர் என்னை வா, போ என்பார். அலுவலகத்தில் நான் அவருக்கு மேடம், அவர் எனக்கு சார். வேலை நேரத்தில் வீட்டு எண்ணிலிருந்தோ அவருடைய செல்போனிலிருந்தோ அழைப்பு வந்தால் எடுக்கமாட்டேன். எனவே அவர் அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் ஒயர்லெஸ்ஸில் முறைப்படி தெரிவிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் எரிந்த மோட்டாரை மேட்டுப் பூங்கா ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு நான் மோட்டார் கடைக்கு ஓடினேன், இந்த விஷயம் மறந்துபோனது.

அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, பின்னால் தெரிந்துகொண்டேன். என் கணவர் ஏரிப் பூங்கா அலுவலகம் போனபோது லாரி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்திருக்கிறது. கட்டுப்பாட்டு அறையைக் கேட்டிருக்கிறார். என் உதவியாளர், மேடம் வெளியே போயிருக்கிறார், லாரி பற்றித் தனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். பிறகு என் கணவர் எனக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார். வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து மூன்று முறையும் நான் துண்டித்தேன். அரசு வாகனம் காணாமல்போனால் தாமதிக்காமல் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று அவர் எத்தனையோ வருஷமாகப் பாடம் நடத்தியவர். அதைச் செய்துபார்க்க அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. போய்விட்டார்.

இந்த நிலையத்துக்கு எதிரே உள்ள சோதனைச் சாவடியில் லாரி பிடிபட்டது. ஓட்டுநரை விசாரித்ததில், “ஆபீசரோட சம்சாரம்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க” என்று அவர் உள்ளதைச் சொன்னார். அதைக் கேட்ட இன்ஸ்பெக்டர் அவர்கள், ஓர் அதிகாரியின் மனைவி ஓட்டுநருடன் சேர்ந்து தண்ணீர் லாரியை விற்கப் பார்க்கிறார் என்ற முடிவுக்கு வந்து, லாரியை வழக்குச் சொத்தாக நிலைய முற்றத்தில் நிறுத்திவிட்டு என்னை வரச் சொன்னார். நான் வந்து சேர்ந்தபோது என் கணவர் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிதானம் அவர்கள் காவலர்களுடன் டீ குடித்துக்கொண்டிருந்தார், அவசரப்படவில்லை.

“சார், உங்க லாரியை நான்தான் மேட்டுப் பூங்காவுக்கு அனுப்பினேன்” என்று என் கணவரிடம் சொன்னேன்.

“காலையிலயே சொல்லியிருக்கலாமே, மேடம்.”

“காலையில வீட்ல இருந்தோம், சார்.”

“ஆமா, அதுவும் சரிதான்” என்றார் அவர்.

இன்ஸ்பெக்டர் அவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் உண்மையிலேயே புருஷன் பொண்டாட்டிதானா?” என்று கேட்டார். நாங்கள் ஆமாம் என்றோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு என் கணவர் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பதிவான வழக்கை அப்படியெல்லாம் துடைத்துவிட முடியாது, சொத்தை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும், நீதிமன்றம் விடுமுறை முடிந்துதான் திறக்கும் என்று இன்ஸ்பெக்டர் அவர்கள் சொன்னார். அப்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மேட்டுப் பூங்கா ரேஞ்சர் எனக்குப் போன் செய்தார். “அக்கா, கூட்டம் குட்டைக்கு வந்து பார்த்துட்டுத் திரும்பிடுச்சு. இப்போ ரோட்டுப் பக்கம் தலையைத் திருப்பிக்கிட்டு நிக்குது. கன்னுங்க வேற இருக்கு. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க” என்றார். எரிந்த மோட்டாரைச் சரிசெய்து தர இரண்டு நாள் ஆகும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். வேறு தண்ணீர் லாரி அந்தப் பக்கத்தில் எங்கும் கிடையாது. முற்றத்தில் நிற்கும் லாரியின் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை.

அப்போது என் கணவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அது பாடம் நடத்தப் போகிறார் என்பதற்கு அடையாளம். “சார், வழக்குச் சொத்து போலீஸ் பாதுகாப்புல இருக்கணும், சரி. இந்த முற்றத்துலதான் இருக்கணும்னு எங்க சொல்லியிருக்கு?” என்று கேட்டார். “நீங்க லாரியை விடவே வேண்டாம். கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே கூட வாங்க. அப்புறம் இன்னொண்ணு, என் புகார்ல லாரியைத்தான் காணோம்னு எழுதியிருக்கேன். தண்ணியைக் காணோம்னு எழுதலை” என்றார். அந்த நிமிஷம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல எனக்கு இருந்தது. இதை எழுத வேண்டுமா என்று தலைமைக் காவலர் கேட்கிறார். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்ஸ்பெக்டர் அவர்கள் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். அதன் பிறகு முன்னால் சைரன் போட்டுக்கொண்டு காவல் ஜீப்பும், நடுவில் லாரியும், பின்னால் எங்கள் ஜீப்பும் புறப்பட்டன. விடுமுறைக்குக் கிளம்பிய கார்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று எட்டிப் பார்த்தவர்கள், தண்ணீர் லாரி ஆடி அசைந்து வருவதைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அவர்கள் ஒலிபெருக்கியில், “லாரி டிரைவர், கொஞ்சம் வேகமா வாங்க” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “டிரைவர் அண்ணே, தயவுசெஞ்சு” என்றார். வழியில் நிதானம் அவர்கள் மூன்றாவது கியர் போட்டார் என்பதைப் பதிவுக்காகத் தெரிவிக்கிறேன்.

நாங்கள் போனபோது கூட்டம் நெடுஞ்சாலை ஓரத்துப் புதர்வரை வந்துவிட்டது. பூங்கா ஆட்கள் தகரத்தைத் தட்டி மறித்துக்கொண்டிருந்தார்கள். லாரியைக் குட்டையோரம் நிறுத்தி, குழாயை மாட்டித் தண்ணீரைத் திறந்தபோது இணைப்பு பிய்த்துக்கொண்டது. இங்கே இதை எழுதிக்கொண்டிருக்கும் தலைமைக் காவலர் யாரும் சொல்லாமலே ஓடிவந்து இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தொப்பியிலிருந்து பூட்ஸ்வரை நனைந்தார். அவர் கத்தியதைக் கேட்டு அடிபட்டுவிட்டதோ என்று நான் பயந்துபோனேன். சிரிக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

குட்டையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் கூட்டம் நின்றது. முன்னால் நின்ற கிழட்டுப் பெண் காட்டெருமை மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. அதன் பிறகு சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தது, மற்றவை எல்லாம் அதன் பின்னால் போயின. நாங்கள் வண்டிகளுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றோம். அவை குடித்தன. கன்றுகள் முழங்கால்வரை இறங்கிக் குடித்தன, ஒன்று வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி குடித்தது. வரைபடத்தில் எத்தனையோ வருஷமாக ஒரு நீலப் புள்ளியாக நான் பார்த்துவந்த குட்டை அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது புகார்தாரர் என் கையைப் பிடித்தார். வேலை நேரம், காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை எடுக்கவில்லை.

கேள்வி: உங்களுக்கும் புகார்தாரருக்கும் முன்விரோதம் உண்டா? பதில்: மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதில் உண்டு. வேறு இல்லை.

கேள்வி: அனுமதியில்லாமல் எடுக்கிறோம் என்று தெரிந்தே லாரியை எடுத்தீர்களா? பதில்: அவரிடம் சொல்லாமல் எடுத்தேன், அது தவறு. எடுத்தது தவறில்லை. நேற்று ஊற்றிய தண்ணீர் இன்று சாயங்காலம்வரைதான் தாங்கும், ஆகையால் இன்றும் எடுக்கப் போகிறேன். இம்முறை ஏரிப் பூங்கா அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். அவர் காலை டீ குடிக்கும்போதே சம்மதித்துவிட்டார். மாமியாரும் பக்கத்தில்தான் இருந்தார், கன்று விழுந்து எழுந்த கதையை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்.

மேலே எழுதப்பட்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(கையெழுத்து) அன்றாடப் பணிகள் மேலாளர்

சாட்சி: (கையெழுத்து) புகார்தாரர்

பதிவு செய்தவர் குறிப்பு: வாக்குமூலம் அளித்தவரும் புகார்தாரரும் கையெழுத்திட்ட மை காயும் முன்பே வழக்குச் சொத்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டனர். தொட்டி நிறையத் தண்ணீர் இருப்பது சரிபார்க்கப்பட்டது. சொத்தின் பாதுகாப்புக்காக நானும் மாற்று உடையுடன் உடன் செல்கிறேன்.

(கையெழுத்து) தலைமைக் காவலர்