மூணாவது கட்டம்

...இல்லன்னுதான் சார் காட்டுது! நான் என்ன, ஒளிச்சா வெச்சிருக்கேன்? நேத்து பஸ்ல விட்டீங்க, பச்சை ஃபைல், உள்ள சர்டிபிகேட்டு, பதினோரு மணிக்கு இன்டர்வியூ, எல்லாம் சரி. கம்ப்யூட்டர் திரைல வரணும்ல? தொலைஞ்ச சாமான் ஆபீஸ்னு போர்டு போட்டிருந்தா, தொலைஞ்சதெல்லாம் இங்கயா நடந்து வரும்? உக்காருங்க சார்.

எல்லாம் அந்தப் புரோகிராம் எழுதுனவனால. சோடாபுட்டி. கண்ணாடி அவ்ளோ தடிமன். 'தேடுறதுக்கு முன்னாடி கீ வேல்யூ செட் பண்ணணும்ணே'ன்னான். கீயாம்! பூட்டே இல்லாத எடத்துல. மூணு கட்டம். மொதல்ல தேதி, ரெண்டாவது சாமான், மூணாவது நிறம். மூணையும் எடுத்துக்கிட்டு உள்ள போயி, மூணும் பொருந்துறதை மட்டும்தான் கொண்டுவருமாம். ஒண்ணு இடிச்சாலும் வெறுங்கையோட வந்து நிக்கும். கொஞ்சம் அக்கம்பக்கம் பாத்துட்டு வந்தா என்னவாம்? என் பொண்டாட்டி கடைக்கு அனுப்புனா நான்... சரி, நானும் வெறுங்கையோடதான் வருவேன், அது வேற விஷயம்.

பொண்டாட்டியா... எட்டு நாளாப் பேச்சே இல்ல சார். அவ தம்பி, என் மச்சான், குடையைத் தேடி வந்தான். கறுப்புக் குடை. தட்டுனேன், இல்லன்னுச்சு. இல்லன்னேன். 'மாமா, அந்தா தொங்குதே!'ங்கிறான். திரைல இல்லாததை எப்படி சார் குடுப்பேன்? ரூல்னு ஒண்ணு இருக்குல்ல? மழைல தொப்பலா நனைஞ்சு போயி, காய்ச்சல்ல படுத்துட்டான். இப்ப என் தட்டை மேசைல 'டங்'குன்னு வெக்கிறா பாருங்க, அந்தச் சத்தம்தான் எங்களுக்குள்ள பேச்சு.

மணியைப் பாக்காதீங்க சார், அது பாட்டுக்குப் போகும். மச்சான் போனப்புறம் சோடாபுட்டிக்கு போனைப் போட்டேன். 'அண்ணே, நிறம் போட்டீங்களா?'ங்கிறான். எதுக்குடா நிறம்? குடை குடைதானே! 'நீங்க போடலன்னா, முன்னாடி தேடுனவங்க நிறமே அதுல உக்காந்திருக்கும்ணே'ங்கிறான். மச்சானுக்கு முன்னாடி ஒரு அம்மா சிவப்புச் செருப்பு தேடுனாங்க. அப்ப இது சிவப்புக் குடையைத் தேடியிருக்கு! அநியாயத்தைப் பாத்தீங்களா? ஒவ்வொரு தடவையும் அழிச்சிட்டு ஆரம்பிக்கிற மாதிரி எழுதக் கூடாதாடான்னு பிடிபிடின்னு பிடிச்சேன். அப்படித்தான் எழுதியிருந்தானாம். எவனோ, 'மூணையும் யாருடா திரும்பத் திரும்பத் தட்டுறது, அந்த அழிக்கிற வரியைத் தூக்கிடு'ன்னு அவன் உசுரை எடுத்து, டீ வேற வாங்கிக் குடுத்து...

அது... நான்தான் சார். விரல் வலி.

அந்த வரியைத் தூக்கி ரெண்டு மாசம் ஆச்சு. எத்தனை பேரை இல்லன்னு அனுப்புனேனோ! மச்சான்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சரி, உங்களுதுக்கும் நிறம் போடல போல. இருங்க... ப... ச்... சை. வந்துடுச்சு சார்! நாலாவது அலமாரி, மேல் தட்டு!

சார்?

கதவைத் தொறந்து எப்ப சார் உள்ள போனீங்க? ஏய்... சார்! கையெழுத்துப் போடாம ஃபைலை எடுத்துட்டு ஓடுறாரே! இப்ப திரைல இருக்குங்குது, அலமாரில இல்ல. இதை நான் யார்கிட்ட போயி சொல்லுவேன்!