களப்படி வட்டாரத்தில் முதலிடம் பிடித்த செல்லாத வாக்குகள்

தலைமைக் கதிரையைத் தம் பெருந்தன்மையாலும், அதைவிடப் பெரிய உடம்பாலும் நிறைத்திருக்கும் ஜபார் ஹாஜியார் அவர்களே! பள்ளிவாசலிலிருந்தும் கோயிலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் வந்து ஒரே வாங்கில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! தண்ணீர் பவுசர் வண்டி வரும் நாளென்று தெரிந்தும் வாளியை வரிசையில் விட்டுவிட்டு வந்த தாய்மார்களே! மதிலில் குந்தியிருக்கும் இளஞ்சிங்கங்களே! இந்த அன்ரனிப்பிள்ளையின் அன்பை அள்ளி எறிகிறேன், அகப்பட்டவர்கள் பிடித்துக்கொள்ளுங்கள்!

இன்று நாம் கூடியது எதற்காக? போன தேர்தலில் தோற்ற மர்ளியா டீச்சரை மீண்டும் நிற்கும்படி கேட்பதற்காக. வேட்பாளர் பெயரை நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டும். டீச்சரோ கை விரித்துவிட்டார். இதோ முன்வரிசையில் இருக்கிறார். படிவம் மடியில், பேனா மூடியபடி.

யார் இந்த டீச்சர்? கிணறெல்லாம் உப்பான நம் வட்டாரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு, எழுநூறு கையெழுத்து வாங்கி, அலுவலகம் அலுவலகமாக ஏறியவர். அவர் ஏறிய ஏற்றத்தில் கல் படிகள் தேய்ந்து, இப்போது அதிகாரிகள் சறுக்கிக்கொண்டுதான் இறங்குகிறார்களாம்!

அப்படிப்பட்டவரை யார் தோற்கடித்தது? எதிர்க்கட்சியா? பணமா? சதியா? இல்லை, ஐயன்மீர், இல்லை!

நம் நகரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஆராயக் கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்தார். முதல் வீட்டில் ஸுல்பிகாவிடம் கேட்டார். "நாங்க டீச்சருக்குத்தான்" என்றார் அவர். பின்னாலேயே, டீச்சரை எதிர்த்து நின்ற கில்பட் வந்து வாக்குக் கேட்டான். "உனக்கில்லாம யாருக்கு மகன்?" என்றார். மூன்றாவது வேட்பாளர் வந்தார். அவருக்கும் தேத்தண்ணி, அவருக்கும் "ஓம்". அந்தத் தம்பி அறுபது வீடு ஏறினார். அறுபது வீட்டிலும் எல்லோரும் வென்றார்கள்! ஆய்வைக் கைவிட்டு, ஆலங்குடாவில் கடல் குளித்துவிட்டுப் போனார்.

என்ன ஸுல்பிகா, முக்காட்டை இழுக்கிறீர்கள்? உங்களை மட்டுமா சொன்னேன்? நம் நாக்குக்கு "இல்லை" என்ற சொல் வராது. முகத்துக்கு நேரே ஒருவரை மறுப்பதா? அதற்குக் களப்பின் உப்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிடலாம்!

பிறகு என்ன நடந்தது? எல்லோருக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, வாக்குச் சீட்டில் எல்லோருக்கும் புள்ளடி போட்டோம். வென்றவருக்கு நூற்று நாற்பது. டீச்சருக்கு நூற்று முப்பத்தொன்று. கில்பட்டுக்கு நூற்று இருபத்தெட்டு. செல்லாத வாக்குகளோ நூற்று நாற்பத்து மூன்று! முதலிடம்! மாலை போட ஆளைத்தான் காணவில்லை. வென்றவர் நல்ல மனிதர். ஆனால் நம் தெருவுக்கு இன்னும் வழி கேட்டுத்தான் வருகிறார். குழாய் வந்ததா? பவுசர்தான் வருகிறது, வாரம் ஒரு முறை.

வாக்கு எண்ணும்போது பக்கத்தில் நின்ற மனுவேல் ஒரு சீட்டைப் பற்றிச் சொன்னான். நாலு சின்னத்துக்கும் புள்ளடி. கீழே, "எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான்" என்று ஒரு குறிப்பு. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தக் கையெழுத்து என்னுடையது.

அதோ! டீச்சர் எழும்புகிறார். மைக் இல்லாமலே கேட்கிறது.

"அன்ரனிப்பிள்ளை மாமா, அன்டைக்கு என்ட கையப் பிடிச்சி, 'என்ட வோட்டு உனக்குத்தான்' எண்டு சொன்னீங்க."

சொன்னேன், மகள். கில்பட்டின் கையையும் அதே கையால்தான் பிடித்தேன்.

"சொன்னவங்க எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. நான் யார நம்பி நிக்கிற? எனக்குப் போடமாட்டோம் எண்டுறவங்க இப்ப எழும்புங்க, பாப்பம்."

பார்த்தீர்களா, மகாசனங்களே? ஒருவரும் அசையவில்லை! எதிர்த்து நிற்கப்போகும் கில்பட்கூட மரியாதைக்கு உட்கார்ந்திருக்கிறான்! அட, நீயாவது உனக்கு வாக்குப் போட மாட்டாயா?

சரி, நானே தொடங்குகிறேன். கில்பட், நீ என் தங்கை மகன். எனக்கு மூன்று வேளைச் சோறும் உன் வீட்டிலிருந்துதான் வருகிறது. இருந்தும் இந்தச் சபை அறியச் சொல்கிறேன்: இந்த முறை உனக்கு நான் போடமாட்டேன். இல்லை. தண்ணீருக்கு நடந்தவர் டீச்சர்.

அப்பாடா, பல்லொன்று பிடுங்கியதுபோல் இருக்கிறது!

"இத அன்டைக்கே சொல்லியிருந்தா எனக்கு நோட்டீஸ் மிச்சம், மாமா," என்று எழும்புகிறான் கில்பட். "நான் எனக்குத்தான் போடுவன்."

எழும்பு ராசா, நிமிர்ந்து நில்! அவன் பின்னால் மனுவேல். அதோ ஸுல்பிகா, முகம் சிவந்து, "டீச்சர், கோவிக்காதீங்க, கில்பட் எனக்குப் பிள்ளை மாதிரி" என்று எழும்புகிறார். இருபது பேர்... முப்பது... நாற்பது! நேருக்கு நேர் "இல்லை" சொல்ல நம் வட்டாரத்தில் நாற்பது கால்கள், இல்லை, எண்பது கால்கள் எழுந்துவிட்டன!

டீச்சர் ஒவ்வொருவராகப் பார்க்கிறார். எழும்பாமல் இருப்பவர்களையும் பார்க்கிறார். சிரிக்கிறார்.

"இப்பதான் எழும்பாம இருக்கிறவங்களயும் நம்ப ஏலும்," என்கிறார். பேனா மூடி கழல்கிறது. எழுதுகிறார்!

தலைவர் அவர்களே, இதற்கு மேல் நான் பேசினால் அது பேராசை. அமர்ந்திருந்து ஆதரித்த உங்களுக்கும் நன்றி. எழுந்து மறுத்த உங்களுக்கு அதைவிட ஒரு பிடி கூடுதலாக நன்றி. போய் வாருங்கள், பவுசர் வந்துவிட்டது!