ஆடுகள் கத்தும் கரை

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் திருமதி கில்லெஸ்பி அவர்களே, துறைமுக அதிகாரி அவர்களே, முதல் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைக்கும் ஐவன் நெஸ்பிட் அவர்களே, காலையில் கடலில் குளித்துவிட்டு அப்படியே ஈரத் தலையோடு வந்து நாற்காலிகளை நனைத்துக்கொண்டிருக்கும் நம் நீச்சல் சங்கத்துத் தோழர்களே, டொனகடி ஊர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

காலைக் கப்பலில் ஸ்காட்லாந்திலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் மொய்ரா டோரன்ஸ், சங்கத்தின் செயலாளர். நீளமாகப் பேசுவேன். நம் வெஸ்லி நெஸ்பிட்டுக்கு நீளப் பேச்சு ஆகாது. இங்கே இருந்திருந்தால் இந்நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பார். பார்க்கட்டும். இன்று அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

யார் இந்த வெஸ்லி நெஸ்பிட்? இந்த ஊருக்கு அவர் பஸ் ஓட்டுநர். நமக்கோ கண்காணிப்பாளர். இங்கிருந்து ஸ்காட்லாந்துவரை வெறும் நீச்சலுடையோடும் ஒரு தொப்பியோடும் இந்தக் குளிர்ந்த கடலில் நீந்திப் போகிறவர்களுக்குப் பக்கத்தில் படகில் உட்கார்ந்து, ஒருவரும் அவர்களைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறவர். தொட்டால் முடிந்தது. விரல் பட்டாலும், படகின் விளிம்பு பட்டாலும், பாசத்தோடு தோளில் தட்டினாலும் அந்த நீச்சல் செல்லாது. அக்கரையில் ஏறி, அலை எட்டாத இடத்தில் நின்று, திரும்பிக் கையைத் தூக்க வேண்டும். அதன் பிறகுதான் தொடலாம். நம் விதி இது.

விதி என்றால் வெஸ்லிக்கு விதிதான். மழை கொட்டும் ஒரு நாள், திருமதி ஹன்வி பஸ்ஸில் எழுந்து நின்று கேட்டார்: "என் வீட்டு வாசல் வழியாத்தானே போற வெஸ்லி, சித்த நிறுத்தினா குறைஞ்சா போயிடுவ?"

"நிறுத்தம் அங்க இருக்கு, திருமதி ஹன்வி."

நிறுத்தத்தில்தான் நிறுத்தினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தானும் இறங்கி, அந்த அம்மாவைத் திரும்ப அவர் வீட்டு வாசல்வரை நடத்திக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதுவரை பஸ் முழுக்கக் காத்திருந்தது. உள்ளே எல்லோரும் திட்டினார்கள். நானும் திட்டினேன்.

இப்படிப்பட்ட மனிதரின் நீச்சலே செல்லாமல் போனது என்றால் நம்புவீர்களா? இளையவர்கள் பலருக்குத் தெரியாது. வெஸ்லி ஒருமுறை, ஒரே ஒருமுறை, இந்தக் கடலைக் கடக்க இறங்கினார். படகை ஓட்டியவர் அவருடைய தம்பி ஐவன்.

இந்தக் குளிரைப் பற்றி நீந்தாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? முதலில் கடிக்கும். சிவப்பு முடியை விரித்துக்கொண்டு மிதக்கும் சொறி மீன்கள் முகத்தில் சூடு போடும். பிறகு ஒரு நேரத்தில் வலி எல்லாம் விலகிப்போய் இதமாகிவிடும். கை நம் கை இல்லை, யாரோ பக்கத்தில் நீந்துகிற மாதிரி இருக்கும். கடல் ஒரு பெரிய படுக்கையறை ஆகிவிடும். எப்போதோ இறந்துபோன அத்தை படகில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு வாய் கேட்கலாமா என்று தோன்றும். அந்த இதத்துக்குத்தான் நாங்கள் பயப்படுவோம். அதனால்தான் நீந்துகிறவரின் புத்தி இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்க்க, சூப்புப் புட்டியைக் கயிற்றில் விடும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பது நம் வழக்கம்.

அன்று ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கம் தலைக்கு மேலே தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். ஐவன் கேட்டார்: "வெஸ்லி, நம்ம அம்மா பேரு என்ன?"

வெஸ்லி சொன்னார்: "ஆடு கத்துது."

"அம்மா பேரைச் சொல்லு, வெஸ்லி."

"ஆடு கத்துது, ஐவன்."

அண்ணன் உதடு நீலம். கை சரியாக எழவில்லை. தம்பி என்ன செய்வார்? நீங்கள் என்ன செய்வீர்கள்? ஐவன் குனிந்து அவர் கையைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டார். அவ்வளவுதான், நீச்சல் முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். வெஸ்லி சொன்னது இதுதான்: "எனக்கு ஆடு கத்தினது கேட்டுது. கரைக்கு வந்துட்டேன்னுதானே சொன்னேன்."

மூன்று குளிர்காலம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. வேடிக்கை என்னவென்றால் இருவரும் ஒரே படகில்தான் வேலை பார்த்தார்கள். ஐவன் சுக்கானில், வெஸ்லி கண்காணிப்பாளராக, நடுவில் கையில் ரொட்டியோடு நான்.

"மொய்ரா, சுக்கான் பிடிக்கிற ஆள்கிட்ட சொல்லு, நீரோட்டம் தெற்கே இழுக்குதுன்னு."

"மொய்ரா, அந்த பஸ்காரர்கிட்ட சொல்லு, எனக்கும் ரெண்டு கண்ணு இருக்குன்னு."

இருவருக்கும் நடுவே மூன்றடி தூரம்கூட இல்லை. நான் ஒருவரிடமும் எதையும் சொல்லவில்லை. ரொட்டியைத் தின்றேன்.

பிறகு பேசத் தொடங்கினார்கள். மழை, டீசல் விலை, கால்பந்து, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது, எல்லாம் பேசினார்கள். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை. தான் செய்தது சரியா, தப்பா? அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று ஐவன் காத்திருந்தார். ஆமாம் ஐவன், நீங்கள் காத்திருந்தது படகில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். முறைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இதை நேற்றுதான் ஐவன் என்னிடம் சொன்னார். "எல்லாருக்கும் சொல்லு" என்றும் சொன்னார். அண்ணனை இழுத்துப் போட்ட அடுத்த வாரம், அவர் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போயிருக்கிறார். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறை மேல், முதுகில் அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்த ஆடுகள் நின்று கத்திக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

ஆக, வெஸ்லி அன்று உளறவில்லை. அந்த நாளிலிருந்துதான் அவருடைய இரண்டாவது கேள்வி பிறந்தது. முதல் கேள்விக்குத் தப்பாகப் பதில் வந்தால் உடனே கையை நீட்டமாட்டார். இன்னொன்று கேட்பார். நான் இன்று உயிரோடும், கடலைக் கடந்தவள் என்ற பெயரோடும் இங்கே நிற்பது அந்தக் கேள்வியால்தான்.

என் நீச்சலில் பாதிக் கடலுக்கு மேல் போன பிறகு அவர் கேட்டார்: "மொய்ரா, உங்க வீட்டுக் கதவு என்ன நிறம்?"

"கதவு திறந்திருக்கு" என்றேன்.

படகில் பதறிவிட்டார்கள். "போச்சு, எடுத்துடலாம் வெஸ்லி."

"பொறு. மொய்ரா, திறந்திருக்குன்னா உள்ள என்ன தெரியுது?"

"நாற்காலி. அதுல பூனை. அடுப்புல தண்ணி வச்சேன், அணைக்காம வந்துட்டேன்."

வெஸ்லி சொன்னாராம்: "அடுப்பைப் பத்திக் கவலைப்படுற புத்தி பத்திரமா இருக்கு. நீந்தட்டும்."

அவர் கல்நெஞ்சக்காரர் என்று சிலர் சொன்னதுண்டு. பக்கத்து ஊரான பாங்கரிலிருந்து நீந்த வந்த ஒரு பையன் அம்மா பெயர், தெருப் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னான். அவன் கை எழுந்த விதம் வெஸ்லிக்குப் பிடிக்கவில்லை. "என்ன தெரியுது தம்பி?" என்று கேட்டார். "ஒண்ணுமே தெரியலை, நல்லாயிருக்கு" என்றான் அவன். யாருக்கும் சொல்லாமல், தோள்வரை கையைத் தண்ணீரில் விட்டு அவனை இழுத்துப் போட்டவர் வெஸ்லிதான். போர்வையைச் சுற்றிவிட்டு நிமிர்ந்து ஐவனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்தோம். சூப்பு எங்கே என்று கேட்டார்.

இப்போது கடைசி நாளுக்கு வருகிறேன். போன செவ்வாய் பிற்பகல். மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே கடல் வெளிச்சமாக இருந்தது. வெஸ்லி கண்ணை மூடிப் படுத்திருந்தார். நர்ஸ் ஒருபக்கம், நான் ஒருபக்கம், என் பக்கத்து நாற்காலியில் ஐவன். போர்வைக்குள் வெஸ்லியின் கைகள் ஒன்று மாற்றி ஒன்று மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் அறையில் இல்லை, கடலில் இருந்தார்.

கேட்டேன்: "வெஸ்லி, உங்க வீட்டுக் கதவு என்ன நிறம்?"

உதடு அசைந்தது. "ஆடு கத்துது."

ஐவன் கை அண்ணன் கையைப் பிடிக்க ஏற்கெனவே நீண்டிருந்தது. அது அப்படியே நின்றது. அந்த இரண்டாவது கேள்வியை ஐவன்தான் கேட்டார்.

"என்ன தெரியுது, வெஸ்லி?"

"பாறை. பாசி. மேல ஆடு. முதுகுல சிவப்பு."

ஐவன் கையை மெல்லப் பின்னால் இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "அப்போ போ" என்றார். "போடா வெஸ்லி. நான் தொடமாட்டேன்."

நர்ஸ் நாடி பார்க்கக் கையை நீட்டினாள். "வேண்டாம்மா, கொஞ்சம் பொறு" என்றார் ஐவன். "கரை கிட்ட இருக்கான்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. வெஸ்லியின் கைகள் அசைந்தன. பிறகு நின்றன. பிறகு வலது கை போர்வையை விலக்கிக்கொண்டு மேலே எழுந்தது. வெஸ்லி கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார்.

"இப்போ தொடுடா, மடையா. அன்னிக்கும் நீ பிடிச்சதாலதான் உயிரோட இருந்தேன்."

ஐவன் பிடித்துக்கொண்டார். எங்களுக்குக் கொடுத்திருந்த தேநீர் ஆறிப்போனது. நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். ஐவன் கையை விடவில்லை.

அன்பர்களே, சங்கத்தின் சார்பில் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கோடையின் முதல் நீச்சலுக்கு ஐவன்தான் படகு ஓட்டுவார். கண்காணிப்பாளர் இடத்தில் நான் உட்காருவேன். நான் போன பிறகு வேறொருவர் உட்காருவார். எங்களில் யார் உட்கார்ந்தாலும், இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் யாரையும் தொடமாட்டோம். கேட்ட பிறகு தொடவேண்டும் என்றால் தயங்கவும் மாட்டோம்.

இப்போது எழுந்து நில்லுங்கள். மௌனமாகத் தலையைக் குனிய வேண்டாம், அது அவருக்குப் பிடிக்காது. எல்லோரும் கையைத் தூக்குங்கள், கரையேறியவர் தூக்குகிற மாதிரி. ஐவன், நீங்களும். இன்னும் கொஞ்சம் உயரமாக.

சரி. இப்போது பக்கத்தில் நிற்பவரைத் தொடலாம்.