நாலு இசபெல்லா

உள்ள வாங்க தம்பி, கதவத் தெறந்து வச்சா குளிர் வரும். தொப்பிய ஏன் கழட்டிட்டீங்க? போட்டுக்கங்க. ஆமா, இசபெல்லாவோட அம்மாதான் நான். ஆனா எந்த இசபெல்லான்னு நீங்க கேக்கணுமில்ல? ஊருக்குப் புதுசு, அதான் தெரியல. மெல்பர்ன்லேருந்து நம்ம போலீஸ் ஸ்டேஷனுக்கு மாத்தலாகி வந்தவர்தானே நீங்க? இந்தச் சின்ன ஊர்ல நாலு இசபெல்லா இருக்கு. நாலும் ஒரே வகுப்பு, ஒரே வலைப்பந்து டீம். வீடு மாறி வந்திருப்பீங்க, பாவம்.

முழுப்பேரா? இருங்க, இருங்க. முழுப்பேர் இப்ப வேண்டாம். அந்தக் காகிதத்த மடிச்சுப் பையில வையுங்க. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க.

என் பேரு ரோவீனா. பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் வாயிலயும் ஒழுங்கா நுழையல. பசங்க என்னென்ன சொல்லிக் கூப்பிட்டாங்கங்கறது வேண்டாம், விடுங்க. அதனால எம்பொண்ணுக்காவது நல்ல பேரா, நம்ம பக்கத்துல யாருக்கும் இல்லாத பேரா வைக்கணும்னு வயித்துல இருக்கறப்பவே யோசிச்சு வச்சேன். இசபெல்லா. சொல்லிப் பாருங்க, வாய் நெறையுதா? எங்க மாமியார் இருக்காங்களே, அவங்க மூஞ்சியச் சுளிச்சாங்க. கோதுமை வெதைக்கறவன் வீட்டுல என்னடி ராணி பேருன்னாங்க. நான் காதுலயே போட்டுக்கல.

மில்டுரா ஆஸ்பத்திரியில பிள்ளையக் கையில வச்சிருக்கேன். பக்கத்துக் கட்டில்காரி என்ன பேருன்னு கேட்டா. பெருமையாச் சொன்னேன். அடிப்பாவி, எங்களுதும் அதேதான்னு கெக்கெக்கேன்னு சிரிக்கறா! அவதான் பேக்கரி ட்ரூடி. அன்னைக்கு எனக்கு வந்த எரிச்சலு இருக்கே!

அப்புறம் பாத்தா நாடு பூரா இசபெல்லா. மொதல்ல அழகான பேருன்னு கன்னத்தக் கிள்ளின அதே நர்சு, அடுத்த தடவ ஊசி போடப் போறப்ப, இன்னொண்ணான்னு பெருமூச்சு விடறா. பேரு அதேதானே தம்பி, தேய்ஞ்சா போச்சு? ஒருத்தி வச்சா தங்கம், ஊரே வச்சா பித்தளையா? மாமியாரும் கட்சி மாறிட்டாங்க. சொந்தமா ஒரு பேரு யோசிக்கக்கூட உனக்குத் துப்பில்லையான்னு கேட்டாங்க. ராணி பேருன்னு பழிச்சவங்க!

இல்ல, உக்காருன்னு என்னச் சொல்லாதீங்க. நின்னுக்கிட்டே பேசறேன்.

செல்லப் பேருக்கும் அடிதடிதான். ட்ரூடி மக பெல்லாவ எடுத்துக்கிட்டா. எடுத்த ராசி, ஊர்ல உள்ள நாய்க்கெல்லாம் அதே பேரு. நாய் டாக்டர் வாசல்ல நின்னு பெல்லான்னு ஒரு குரல் குடுங்க, பாதி நாய் எழுந்திரிக்கும். தபாலாபீஸ் கெவின் மக இஸ்ஸி. பீர் ஊத்தற பப்புக்காரங்க பொண்ணு வெறும் பெல். எல்லாம் தீந்துபோயி என் மகளுக்கு மிஞ்சினது முழு இசபெல்லா, பின்னால எங்க வீட்டுப்பேர்ல மொதல் எழுத்து. எனக்குச் சந்தோசந்தான். ராணி மாதிரி வச்ச பேர எதுக்கு நறுக்கணும்?

என்னது? இஸாவா? யாரு சொன்னது?

வண்டி ஓட்டின பையனா சொன்னான்? அவனுக்கு ஒண்ணும் ஆகலியா? நல்லாருக்கட்டும். அவன் மண்டையில அடிபட்டு என்னத்தையாவது உளறியிருப்பான். இஸான்னு எங்க வீட்டுல யாரும் கெடையாது. அவ அப்படிக் கூப்பிடச் சொன்னா, அது வாஸ்தவம். எலி வளையானாலும் தனி வளை வேணும்மா, இந்த ஊர்ல ஒருத்தியும் தொடாத பேரு அது ஒண்ணுதான்னு சண்ட போட்டா. இன்னைக்குக் காலையில மேட்சுக்குக் கெளம்பறப்பக்கூட, ஒரே ஒரு தடவ கூப்பிடேம்மான்னு வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தா. நான் கூப்பிடல. இசபெல்லா, கோட்ட எடுத்துக்கோன்னேன். அதனால நீங்க சொல்ற அந்த வண்டியில இருந்தது இஸான்னா, அது என் பொண்ணில்ல தம்பி. நான் கூப்பிடாத பேர்ல இருக்கறவ எப்படி என் பொண்ணாவா?

வீட்டுக்காரரு வெதப்புல இருக்காரு, டிராக்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. அவரக் கூப்பிடாதீங்க. அவருக்கு இதெல்லாம் தாங்காது. வேற வீட்டு விஷயத்துக்கு அவர எதுக்குப் பதற வைக்கணும்?

நீங்க பேக்கரிக்குப் போங்க. மாடியிலதான் குடியிருக்காங்க, பின்பக்கப் படி. இல்லன்னா கெவின் வீடு, பப்பு. நாலுல ஒண்ணு. ஏன் நேரா எங்க வீட்டுக்கே வந்து நிக்கறீங்க? இத்தன பேரு ஒரே பேர வச்சிருக்கறப்ப ஒருத்தி வீட்டு வாசல்ல மட்டும் வந்து நிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?

ஃபோனா? ஆமா, கையில வச்சிருக்கேன். நீங்க வர்றதுக்கு முன்னாடியே சைரன் கேட்டுச்சுல்ல. கோதுமை கொட்டி வைக்கற சைலோவத் தாண்டி மண்ரோட்டுப் பக்கம் போச்சு. கேட்டவொடனே மூணு வீட்டுக்கும் போட்டேன். வேற எதுக்கு? அவங்கவங்க பொண்ணு வீடு வந்து சேந்துடுச்சான்னு கேக்கத்தான்.

பெல்லாவே எடுத்தா. எதையோ மென்னுக்கிட்டே ஹலோங்கறா. இஸ்ஸி குளிச்சுக்கிட்டிருந்தா, அவ பாடற சத்தம் ஃபோன்லயே கேட்டுச்சு. பப்புக்காரம்மா மட்டும், பெல் விளையாடிட்டு வந்து அசந்து தூங்கறா, எழுப்பணுமான்னு கேட்டாங்க.

எழுப்புங்கன்னேன்.

எழுந்துட்டா, தம்பி.