பெற்றோர் எண்

— வஞ்சிரம் கொயம்பா? இன்னாம்மா விசேஷம்?

— சொம்மாதான் வெச்சேன். கைகால் கய்வினு குந்து. இன்னாடி ரேகா, இப்டி மூச்சு வாங்குது? ஓடியாந்தியா?

— மொதல்ல கதவ சாத்தும்மா.

— தெறந்தே இருக்கட்டும். அடுப்பு சூடு.

— அந்தாளு இன்னிக்கியும் வந்தான்மா. ஹெல்மெட்டு மாட்டிகினு வருவானே, அவன். போன வாரம் காலேஜ் கேட்டாண்ட நின்னுகினு, "ரேகா, காஸ்டிங் பரீட்சைல அரியர் வெச்சுட்டியே"ன்னு கேட்டானே.

— நம்ம குப்பத்துப் பசங்க எவனாச்சும் வெளாட்றானா இருக்கும். கம்முனு வுடு.

— குப்பத்துல எவனுக்கும்மா என் மார்க்கு தெரியும்? காலைல எனுக்கே அப்பதான் வந்துச்சு, மத்தியானம் அவன் வாய்ல வருது. அத்தொட்டுதான் இன்னிக்கி காலேஜ் ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருக்கிற ஜஹாங்கீர் சார் தெறந்து காட்னாரு. என் போட்டோ, பஸ் பாஸு, எந்தக் கிளாஸு எப்ப முடியுது, என்னிக்கி லீவு, வயித்து வலின்னு பாதில வந்தேனே அது கூட. அல்லாம் தெனமும் அப்பா நம்பருக்குப் போவுது.

— போவட்டுமே. பெத்தவருக்குப் போவாம வேற யாருக்குப் போவும்?

— ம்மா. அப்பா போட்டு கவுந்தது போன ஐப்பசில.

— வாய மூடு. கூடப் போன நீலமேகம் ஒடம்பு கரைக்கு வந்துச்சு. நோயல் ஒடம்பு வந்துச்சு. உங்கப்பாரு வந்தாரா? கரைக்கு வராத மனுசன செத்துட்டான்னு பொண்டாட்டி ஒத்துக்கக் கூடாது. வெள்ளிக்கெயம தாலிய எறக்குன்னு ஊரே வந்து நிக்கிது, முடியாதுன்னுட்டேன். நீ ஆரம்பிக்காத.

— இத்த சொல்லித்தான் அன்னிக்கும் என்ன தடுத்த. பெத்தவங்க நம்பரு மாறியிருந்தா சொல்லுங்கன்னு காலேஜ்ல கேட்டாங்க. "நம்பர எடுத்தா நீயே அவருக்குக் காரியம் பண்ண மாதிரி"ன்னு தரையில பொரண்டு அயுத. நானும் வுட்டுட்டேன்.

— பின்ன? அவுரு பாக்குறாருன்னு நீதானடி சொன்ன? "பெற்றோர் பார்த்துவிட்டார்"னு உன் போன்ல காலேஜ் ஆப்புல வருதுன்னு குதிச்சுகினு வந்தியே. அன்னிக்கிதான் எனுக்குப் போன உசிரு வந்துச்சு.

— எனுக்கும்தாம்மா. அந்த ஒரு வரிய எத்தினி தபா தெறந்து பாத்திருப்பேன். ஆனா கேளு. ரீசார்ஜ் பண்ணாம மாசக்கணக்கா கெடந்தா, கம்பெனிக்காரன் அந்த நம்பர வேற ஆளுக்குக் குடுத்துருவானாம். அப்பா நம்பரு இப்ப வேற எவனாண்டயோ கீது.

— இல்ல.

— ஜஹாங்கீர் சார் சொன்னாரும்மா.

— அவுரு கம்ப்யூட்டர பாத்தாரு. கடல பாத்தாரா? புயல் கூண்டு ஏத்திட்டாங்க, போவாத தாமோதரான்னு அல்லாரும் சொல்லியும் அந்த ரெண்டு பேர இட்டுகினு போனாரு. இப்ப அவங்க பொண்டாட்டிங்க மூஞ்சில எப்டி முயிப்பாரு? காக்கிநாடா பக்கம் எங்கியோ வல இயுத்துகினு கீறாரு. எனுக்குத் தெரியும்.

— அப்ப அப்பாதான் ஹெல்மெட்டு மாட்டிகினு என் பின்னாடி சுத்துறாரா? அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதேம்மா. நான் கூப்ட்டா ஏன் எடுக்க மாட்டேங்குறாரு? கட் பண்ணி வுட்றாரே?

— கூச்சம்டி.

— அய்யோ. இந்த நம்பர எடுத்துருங்க சார்னு அவர் காலப் புடிக்காத கொறயா அயுதுட்டு வந்தேன். பெத்தவரு சொன்னாத்தான் எடுக்க முடியுமாம். அந்த நம்பருக்கே ஓ.டி.பி. போவும், அத்த கேட்டு சொல்லுன்றாங்க. இல்லாங்காட்டி இறப்புச் சான்றிதழ் கொண்டான்றாங்க.

— ஒடம்பு இல்லாம அத்த எவன் குடுப்பான்?

— அதாம்மா. சரி, யாரு எங்கேந்து தெறந்து பாக்குறான், அத்தயாச்சும் காட்டுங்கன்னேன். ஆபீஸ் மேடம் சொல்றாங்க, அது அப்பாவோட சொந்த விவரம், உங்கிட்ட காட்டக் கூடாதுன்னு. என்னோடத எவனெவனுக்கோ குடுப்பாங்க. பரீட்ச முடியறதுக்குள்ள கோச்சிங்காரன் என் பேர சொல்லி போன் பண்றான், லோன்காரன் பண்றான். எனுக்கு மட்டும் சட்டம் பேசுறாங்க.

— போலீசாண்ட போனா?

— போய் இன்னா சொல்றது? உங்கப்பா நம்பருதானேம்மான்னு கேப்பான். எனுக்கு வெறுத்துப் போச்சு. நான் இனிமே காலேஜுக்குப் போவல.

— அய்ய, இன்னாடி பேச்சு இது. கடைசி வருசம்டி. நம்ம வூட்ல மொத படிப்பு.

— பயமா கீதும்மா. நெசமா பயமா கீது. கத்திவாக்கத்துல எறங்குனா நிக்கிறான்னுதான் எர்ணாவூர்ல எறங்கி சந்து சந்தா நடந்து வர்றேன். இன்னிக்கி அங்கியும் நிக்கிறான். அத்தான் எனுக்குப் புரியல. பஸ் பாஸ்ல கத்திவாக்கம்னு கீது. எர்ணாவூர காலேஜுக்கு நான் சொல்லவே இல்ல. உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.

— எர்ணாவூர்லயா நின்னான்?

— ம்மா? ஏன் அப்டி பாக்குற?

— உங்கப்பாருக்கு… தெனம் பேசி அனுப்புவேன்டி. வாட்சாப்ல. அந்த மைக்க அமுக்கினு பேசுன்னு எதுத்த வூட்டு சிவந்தி சொல்லிக் குடுத்தா.

— இன்னா பேசுன?

— வூட்டுக்கு வர கூச்சமா இருந்தா வராத. பொண்ணயாச்சும் தூரமா நின்னு பாத்துட்டுப் போ. இத்தான். எங்க எறங்குவா, எந்நேரத்துக்கு வருவா… ரெண்டு குச்சியும் நீலமாவும்டி. அத்த பாத்தாத்தான் எனுக்குச் சோறு எறங்கும்.

— அப்பா போட்டோ அதுல இல்லியே, பாக்கலியா நீ?

— பாத்தேன். மொகத்த காட்ட மனசில்லாம எடுத்துட்டாருன்னு நெனச்சேன்.

— அயாதம்மா. போன இங்க குடு. இனிமே எதுவும் அனுப்பாத. நல்லவேள, காலேஜ்ல கீற அட்ரஸு மூலக்கொத்தளம் மாமா வூட்டோடது. நம்ம வூடு எதுன்னு அவனுக்குத் தெரியாது. அது ஒண்ணுதான் மிச்சம்.

— ரேகா.

— இன்னாம்மா?

— இத்தினி மாசமா இல்லாம இன்னிக்கி மத்தியானம் மொத தபா பதில் வந்துச்சுடி, ஒரு கட்டவெரல் படம். வஞ்சிரம் கொயம்பு வெக்கிறேன், இருட்னா எவ கண்ணுலயும் படாம வா, அம்மன் கோயிலுக்குப் பின்னால பச்சக் கதவு, சாத்தாம வெக்கிறேன்னு நான் சொன்னதுக்கு.