அட்டவணையில் ஏறாத 4716

என் பெயர் நாகேஸ்வரன், வயது 46, தகப்பனார் பெயர் ராமசுப்ரமணியன், திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். தம்பானூரில் உள்ள தனியார் கணிப்பொறி நிலையத்தில் பதினோரு வருடமாக டேப் பொறுப்பாளராக இருக்கிறேன். எனக்கு மலையாளம் நன்றாக வரும். ஆனாலும் ஒரு சொல்கூட மாறிவிடக்கூடாது என்பதற்காகத் தமிழில் சொல்கிறேன், தமிழ் தெரிந்த போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்கிறார்.

எங்கள் நிலையம் சில தனியார் ஆஸ்பத்திரிகளுக்காக, வேலைக்குக் காத்திருப்போர் பட்டியலை வைத்திருக்கிறது. ஆறாயிரம் சொச்சம் பேருடைய பெயர், வயது, படிப்பு, பதிந்த தேதி எல்லாம் ஒரே காந்த டேப்பில் இருந்தன. எந்தப் பதிவு எண் டேப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை அதன் தொடக்கத்தில் இருக்கும். அட்டவணையில் எண் இல்லாவிட்டால், ஆளுடைய விவரம் டேப்பில் இருந்தாலும் மெஷின் தேடாது.

2-8-84 அன்று டேப் ஓடிக்கொண்டிருக்கையில் மெஷினின் பிரேக் இறுகி டேப்பின் முன்பகுதி கசங்கியதில், அட்டவணையில் 212 பதிவுகள் படிக்க முடியாமல் போயின. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதன் பிறகு நான் டேப்பைக் கடைசிவரை ஓடவிட்டு, ஒவ்வொரு எண்ணும் இருக்கும் இடத்தைத் தாளில் அச்செடுத்து, கெட்டுப்போன எண் ஒவ்வொன்றுக்கும் மெஷின் படிப்பதற்காக ஒரு கார்டு துளையிட்டு, மீதியோடு சேர்த்துப் புதிய அட்டவணையைத் தனி டேப்பில் எழுதினேன். ஒன்பது நாள் பிடித்தது. இந்த ஊரில் வேறு எவனுக்கும் அந்த வேலை தெரியாது. அந்த 212-ல் 211-க்கு மட்டும் கார்டு போட்டேன். எலிசாள் என்பவளுடைய 4716-க்குப் போடவில்லை. நீங்கள் காட்டுகிற அச்சுத்தாளில் அந்த எண்ணைச் சுற்றியுள்ள பென்சில் வட்டம் நான் போட்டதுதான். மறதியால் விடவில்லை.

காரணம் கேட்டதால் சொல்கிறேன். மேற்படி எலிசாள் சாலை பஜாரில் ஓர் இரும்புக் கடையில் பில் எழுதுகிறவள், அவள் அப்பன் அங்கேயே மூட்டை தூக்கியவன். டைப்பிஸ்ட் வேலைக்கு ஒன்பது வருடமாகக் காத்திருந்தாள். 12-6-84 அன்று விசாரிக்க வந்தவள், நான் சொல்லாமலே என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, என் நம்பர் எதுவரை எத்திச்சுன்னு ஒண்ணு நோக்கிச் சொல்லுங்களேன்" என்றாள். அந்த ஆபீஸில் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்டு துளையிடும் பெண்கள் சிரித்தார்கள். காரணம் அதுதான்.

செப்டம்பரில் ஓர் ஆஸ்பத்திரி எட்டு டைப்பிஸ்டுகளைக் கேட்டது. வரிசைப்படி அவள் மூன்றாவது. மெஷின் அவளைத் தாண்டிப் போயிற்று. வயது வரம்பு 35, அவளுக்கு 12-10-84 அன்று 35 முடிகிறது என்பது எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். "மெஷின்ல உன் பேர் இல்லை, மெஷின் பொய் சொல்லாது" என்றேன். பதிந்தபோது தனக்குக் கொடுத்த பதிவு கார்டை எடுத்துக் காட்டினாள். சரிபார்க்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் பிறகு அவள் நாற்காலியில் உட்காரவில்லை, சார் என்றுதான் கூப்பிட்டாள். அதற்காக நான் மனம் இளகவில்லை.

16-10-84 செவ்வாய் அன்று நானே அவளை மெஷின் அறைக்குள் கூப்பிட்டு, டேப்பை மாட்டி, அச்சுத்தாளில் வட்டம் போட்டிருந்த இடத்துக்கு நானே ஓட்டி, அவளுடைய பதிவை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். "இருக்கே உன் பேர். வயசு தாண்டிடுத்தே, இனிமே என்ன பண்றது?" என்றேன். அவள் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, "சாருக்கு எப்பத்திலிருந்து தெரியும்?" என்று கேட்டாள். ஆகஸ்டிலிருந்து என்றேன். அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன், பார்த்தேன், திருப்தியாக இருந்தது.

அதன் பிறகு அவள் டேப்பை மெஷினிலிருந்து பிடுங்கி, கை கையாக உருவித் தரையில் போட்டு மிதித்து, மேஜையில் இருந்த கத்தரியால் வெட்டினாள். நான் தடுக்கவில்லை. சாட்சி வேண்டும் என்பதால் கதவைத் திறந்து மற்றவர்களைக் கூப்பிட்டேன். அந்த டேப்புக்கு இருந்த ஒரே நகலின் மேல் ஜூலையிலேயே வேறு வேலையை எழுதிவிட்டதால், அதிலும் பழைய விவரம் இல்லை. விண்ணப்பத் தாள்களை அவ்வப்போது கழித்துவிடுவது எங்கள் வழக்கம்.

நான் எழுதிய அட்டவணை பத்திரமாக இருக்கிறது. அது காட்டுகிற விவரம்தான் இல்லை. ஆறாயிரம் பேரும் இனிப் புதிதாகப் பதிய வேண்டும், காத்திருந்த வருடங்கள் கணக்கில் வராது. இரண்டு நாளாக ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடி, யார் செய்தது என்று கேட்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் எலிசாளின் வீட்டு விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்து வருகிறேன். நேற்று அவளை ஜாமீனில் விட்டதாக அறிந்தேன். அதையும் அவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது, நடந்தது இதுதான், மாற்ற ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ரா. நாகேஸ்வரன்
19-10-84